கரை வைத்த பானெட்

"இன்னொரு ஆப்பு குடுங்க. இது இல்லைங்க, பிளாஸ்டிக் ஆப்பு. இரும்பை உள்ள விட்டீங்க, உங்களையும் சேத்து அச்சுல வெச்சுப் பூசிருவேன்."

பிரவின்குமார் இரும்பு ஆப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு பிளாஸ்டிக் ஆப்பை மனைவியிடம் நீட்டினான். காளீஸ்வரி அதை அச்சின் விளிம்பில், நகம் மட்டும் நுழைகிற சந்தில் வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டினாள். டொக். அசையவில்லை. இன்னும் இரண்டு தட்டு. அச்சும் அதற்குள்ளிருந்த கார் பானெட்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை போல ஒட்டிக் கிடந்தன.

காளீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்கிறா பாரு," என்றார் வாசலில் சாய்ந்து நின்ற நாகசுப்பிரமணியன்.

"பயந்தா அவ அப்படித்தாண்ணே," என்றான் பிரவின்குமார்.

நாகசுப்பிரமணியன் அவனுக்கு மூத்தவர். பாளையம்பட்டியில் பன்னிரண்டு பவர்லூம் வைத்திருக்கிறார். எங்கே போனாலும் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். சனிக்கிழமை மத்தியானம் தறியை விட்டுவிட்டுத் தம்பியின் டிங்கரிங் பட்டறையில் வந்து நிற்கிறார் என்றால் காரணம் இருந்தது. இந்த பானெட் ஒழுங்காக வந்து வண்டியில் ஏறாவிட்டால், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் தறிக்கூடத்தில் வந்து நிற்பதாகக் காளீஸ்வரி வாக்குக் கொடுத்திருந்தாள். தெருவே கேட்க, சத்தமாக, இரண்டு முறை. அவரிடம் வேலை பார்த்த இருவர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். பன்னிரண்டில் நாலு தறி சும்மா நிற்கிறது. காளீஸ்வரியின் கை எப்படிப்பட்ட கை என்று அவருக்குத் தெரியும்.

தறி அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. பதினாறு வயதிலிருந்து முப்பது வரை அதில்தான் நின்றாள். மத்தியானம் மூன்று மணிக்கு என்ன வரும் என்பது காலை ஆறு மணிக்கே தெரிந்துவிடுகிறதே, அதுதான் பிடிக்கவில்லை.

ஃபைபரில் அந்தத் தொந்தரவு கிடையாது. நாலு வருடத்துக்கு முன்னால் உடைந்த பம்பர் ஒன்று பட்டறைக்கு வந்தது. புதிது கிடைக்காத பழைய மாடல். போனில் வீடியோ பார்த்து, மதுரையிலிருந்து கண்ணாடி நார்ப்பாயும் ஒரு டின் ரெசினும் வாங்கிவந்து, "நான் ஒட்டிப் பாக்கேன்" என்றாள். ரெசின் பசை இறுக, அதில் ஹார்டனர் கலக்க வேண்டும். எவ்வளவு என்று வீடியோக்காரன் சொன்னதை அவள் கவனிக்கவில்லை. சாம்பாருக்குப் புளி விடுகிற மாதிரி விட்டாள். குளியலறை மக்குக்குள் அது தானாகக் கொதித்தது, புகைந்தது, மக்கு உருகியது. தெருவில் தூக்கி எறிந்தபோது அடுத்த வீட்டுக் கோழி ஒன்று ஓட்டுமேல் ஏறி, அன்று முழுவதும் இறங்கவில்லை. காளீஸ்வரி தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். உடம்பெல்லாம் கண்ணாடித் தூள் அரித்தது. சொறிந்துகொண்டே சிரித்தாள். இதுதான் நம் வேலை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆட்டோ மட்கார்டு, திருச்சுழி டாக்டர் ஒருவரின் வேனுக்கு பம்பர், டாக்சிக்காரர்களுக்கு டேஷ்போர்டு மூடி. எல்லாம் கண்ணாடி நார்தான். வெள்ளைப் பாய், மேலே பெயிண்ட். எடையே இல்லாத கார்பன் நாரை அவள் தொட்டதில்லை.

அதைக் கொண்டுவந்தவன் அருண்பாண்டியன். காரியாபட்டிக்காரன், மதுரையில் வேலை, பழைய மாருதி எண்ணூறு ஒன்றை ரேஸுக்காக உரித்து வைத்திருக்கிறான். பின் சீட்டில் மட்டும் கை வைக்கவில்லை; அவனுடைய அம்மா விடவில்லை. எட்டு மாதம் கெஞ்சி, சென்னையில் யாரோ ஒருவரிடம் ஒன்றரை மீட்டர் கார்பன் துணி வாங்கியிருந்தான். ஒரு பானெட்டுக்குச் சரியாக வரும். இன்னொன்றுக்கு வராது.

"நாலு கிலோவுக்குள்ள இருக்கணும்க்கா. ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர்ல ரேஸு. சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து மாட்டிக்கிட்டு அப்படியே போறேன்."

அவள் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கரிய துணி, மீன் முதுகு போல மினுங்கியது. இரண்டு இழை மேலே, இரண்டு இழை கீழே, வரிக்கு வரி ஒரு இழை தள்ளி.

"இது சாய்வு நெசவு. எங்க வீட்ல கண்ணை மூடிக்கிட்டு நெய்வாக."

"கவனமாக்கா. இது ஒண்ணுதான் இருக்கு."

"தம்பி, நான் நெசவுக்காரி. துணியப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் வெட்டினாள். கத்தரி பட்ட இடத்தில் நூல் நூலாக வழிந்தது. தொட்டால் உதிர்ந்தது, மூச்சு விட்டால் உதிர்ந்தது. பிசிறுகிற நூலைப் பார்த்தால் அந்த வீட்டுக் கைகளுக்கு ஒரே மருந்துதான் தெரியும். எதிர்வீட்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் தங்கச்செல்வியிடம் வடிகஞ்சி வாங்கி, துணியின் நாலு ஓரத்திலும் நாலு விரல் அகலத்துக்குப் பூசி, தெருவில் கட்டிலைப் போட்டு வெயிலில் விரித்தாள். பாவுக்குக் கஞ்சி போடுவது போலவே, தண்ணீராக ஒரு தடவை, கெட்டியாக ஒரு தடவை. அந்த வழியாக வந்த நாகசுப்பிரமணியனே குனிந்து ஓரத்தைச் சுண்டிப் பார்த்தார்.

"நல்லா வெறைச்சிருக்கு. ஒரு நூல் போகாது."

ஒரு நூல் போகவில்லை. வியாழக்கிழமை, வெட்டி மிஞ்சிய, கஞ்சி பட்ட துண்டில் ரெசின் பூசிப் பார்த்தாள். காய்ந்ததும் அப்பளம் போலக் கையோடு உரிந்து வந்தது. ரெசின் துணிக்குள் இறங்க வேண்டும். கஞ்சி குடித்த துணி வேறு எதையும் குடிக்காது. அலசிப் பார்த்தாள், இழைகள் தலைமுடி மாதிரி தண்ணீரோடு போயின. கஞ்சி பட்ட இடத்தை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. எறிந்தாள். பானெட்டுக்கு நாலு பக்கமும் நாலு விரல் துணி குறைந்தது.

அருண்பாண்டியன் போனில் கேட்டான்: "எப்படிக்கா இருக்கு?"

"சூப்பரா இருக்கு தம்பி," என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அரை மணி நேரம் சிரித்தாள். பிரவின்குமார் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

பீரோவைத் திறந்தது தண்ணீரைக் குடித்த பிறகு. போன தீபாவளிக்கு நாகசுப்பிரமணியன் கொடுத்த சேலை மேலாக இருந்தது. அவருடைய தறியில் ஓடியது. கடுகு மஞ்சள் உடல், அரக்குக் கரை, கரை முழுக்க வரிசையாகக் கோபுரம். கரைமேல் விரலை வைத்தாள். நாலு விரல். திருப்பி வைத்து இன்னொரு முறை அளந்தாள். நாலே விரல்.

கத்தரி இன்னும் கையில்தான் இருந்தது.

இப்படியாக, மெழுகு பூசிய அச்சில் முதலில் கண்ணாடி மாதிரி ஒரு கை ரெசின், அதன்மேல் நடுவில் கார்பன், சுற்றிலும் சேலைக்கரை, அதற்கு மேலே மூன்று அடுக்குக் கண்ணாடி நார் என்று வெள்ளிக்கிழமை காலையில் படுக்கவைத்தாள். அச்சு மல்லாந்து கிடக்கும். பானெட் அதற்குள் குப்புறக் கிடக்கும். முதுகுதான் தெரியும். பானெட்டின் முகத்தை இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை, அவள் உட்பட. கரை நேராக நின்றதா, சாயம் இறங்கியதா, ஒன்றும் தெரியாது. கரை விஷயம் பிரவின்குமாருக்கு மட்டும் தெரியும். அவன் அன்றிலிருந்து அண்ணனின் முகத்தைப் பார்ப்பதில்லை.

"மணி மூணே கால்," என்றார் நாகசுப்பிரமணியன்.

"பாத்தேன் பாவா."

வீட்டுக்குள் தெலுங்கு, படி இறங்கினால் தமிழ் என்பது அவர்கள் வழக்கம். புருஷனின் அண்ணனை அழைக்கும் 'பாவா' மட்டும் எந்தப் பேச்சிலும் மாறாது.

தங்கச்செல்வி தெருவைத் தாண்டி ஒரு பானையோடு வந்தாள். "இட்லிப் பானைத் தண்ணிடி. கொதிக்கக் கொதிக்க இருக்கு. ஊத்திப் பாக்கியா?"

"இதையும் இட்லின்னு நெனச்சிட்டியா?"

"துணி போட்டு அவிச்சா, தண்ணி தெளிச்சாத்தான் விட்டு வரும். இதுலயும் துணிதான போட்டிருக்க?"

காளீஸ்வரி அவளைப் பார்த்தாள். பிறகு பானையை வாங்கினாள். ஆப்பு இறங்கியிருந்த சந்தில் வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். உள்ளே எங்கோ 'க்ரிக்' என்றது. எல்லாரும் மூச்சை நிறுத்தினார்கள். மறுபடி 'க்ரிக்'.

"பிடிங்க! ஏங்க, அந்த மூலையப் பிடிங்க! செல்வி, அச்ச அமுக்கு! பாவா, சும்மா நிக்கிறீகளே, ஒரு கை பிடிங்க!"

நாகசுப்பிரமணியன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால், அது ஒட்டியே கிடந்தால் தனக்குத்தான் லாபம் என்பது ஞாபகம் வந்திருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து முன்விளிம்பைப் பிடித்து, அத்தனை பேரிலும் அதிகமாக அவர்தான் இழுத்தார். டப்பென்று பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். தண்ணீர் விசிறியடித்தது. நாகசுப்பிரமணியன் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். பானெட் அவர் மேல் விழுந்தது.

"ஐயோ, அண்ணே!"

பானெட்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஒண்ணும் ஆகல. என்னம்மா இது, முறம் கணக்கா இருக்கு? உள்ள ஒண்ணுமே வைக்கலயா?"

அவரே அதை ஒரு கையால் தூக்கித் திருப்பினார். திருப்பியவர் அப்படியே இருந்தார்.

நடுவில் கார்பன், கிணற்றுத் தண்ணீர் மாதிரி கறுத்துப் பளபளத்தது. சுற்றிலும் அரக்குக் கரை. கோபுரங்கள் கண்ணாடிக்குள் நின்றன. இடது மூலையில் மட்டும் சாயம் லேசாக இறங்கி, கோபுரத்துக்கு மேலே புகை போலப் படர்ந்திருந்தது.

"இது நம்ம கரை," என்றார்.

"ஆமா பாவா."

"தீபாவளிச் சேலை."

"ஆமா."

"வெட்டிட்டியா?"

"கரைய மட்டும்தான் பாவா. சேலை அப்படியே இருக்கு."

அவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். கரையை இன்னொரு முறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காளீஸ்வரி சிரித்துவிடாமல் இருக்கக் கூரையைப் பார்த்தாள்.

அருண்பாண்டியன் நாலு மணிக்குச் சொன்னபடி வந்துவிட்டான். வெள்ளை எண்ணூறை நிறுத்தினான், இறங்கினான், பானெட்டைப் பார்த்தான். ஒரு சுற்று சுற்றி வந்தான். மறுபடியும் முதலில் நின்ற இடத்தில் வந்து நின்றான்.

"அக்கா, இது என்ன?"

"கரை."

"எதுக்கு?"

பொய் ஒன்றை யோசித்துத்தான் வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் உண்மை வந்துவிட்டது. "கஞ்சி போட்டுட்டேன் தம்பி. ஓரம் பிசிறுச்சு. கை பழக்கம். கெட்டுப்போச்சு. வெட்டிட்டேன். பத்தல. அதான்."

"கார்பனுக்குக் கஞ்சி போட்டீகளா?"

"ரெண்டு தடவை," என்றான் பிரவின்குமார், உதவியாக.

அருண்பாண்டியன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "பசங்க ஓட்டியே கொன்னுருவாங்கக்கா. சேலை கட்டுன வண்டின்னு பேரு வெப்பாங்க."

"எடை பாருப்பா முதல்ல," என்றாள் தங்கச்செல்வி.

நூல் சிப்பம் நிறுக்கும் தொங்கு தராசை நாகசுப்பிரமணியனே தறிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தார். நியாயம் வேறு, கோபம் வேறு என்று நினைப்பவர். மூன்று கிலோ அறுநூற்று எண்பது கிராம். அருண்பாண்டியனின் முகம் ஒரு நொடி மலர்ந்து, கரையைப் பார்த்ததும் சுருங்கியது. பழைய பானெட்டைக் கழற்றிப் புதிதை வைத்தார்கள். கீலில் நாலு போல்ட்டும் முணுமுணுக்காமல் இறங்கின. முன்கொக்கி 'ளக்' என்று விழுந்தது.

அவன் டிக்கியைத் திறந்து கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் டப்பா ஒன்றை எடுத்தான். "கரைமேல கறுப்ப அடிச்சிர்றேன்க்கா. தப்பா நெனைக்காதீக."

காளீஸ்வரியின் வாய் அவளையும் மீறித் திறந்தது. "அடி தம்பி. நீ அதுல கறுப்ப அடிச்சா அது என் வேலை இல்லை. திங்கக்கிழமை நான் தறிக்குப் போறேன்."

பிரவின்குமார், "அப்படி யாரும் கேக்கலையேடி!" என்று கத்தினான். அதற்குள் நாகசுப்பிரமணியன் டப்பாவைக் கையில் வாங்கியிருந்தார்.

"பேச்சு பேச்சா இருக்கணும்," என்று சொல்லி, டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே குண்டு டக்டக்கென்று ஆடியது.

"ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்துட்டு அடிச்சுக்கலாம் அண்ணாச்சி," என்றான் அருண்பாண்டியன். "காத்துல தூக்குதான்னு பாக்கணும். பந்தல்குடி வரை போய்த் திரும்புவோம்."

"நானும் வாரேன்," என்றாள் காளீஸ்வரி.

"நானும்," என்றார் நாகசுப்பிரமணியன், டப்பாவோடு.

பிரவின்குமாரும் ஏறிக்கொண்டான். பட்டறையைத் தங்கச்செல்வி பார்த்துக்கொண்டாள்.

தூத்துக்குடி ரோட்டில் ஏறியதும் அருண்பாண்டியன் மிதித்தான். உரித்த வண்டி, கதவில் பஞ்சு கிடையாது, சத்தம் முழுக்க உள்ளே இருந்தது. இரண்டு பக்கமும் கரிசல் காடு பின்னால் ஓடியது. எண்பது. தொண்ணூறு. முன்சீட்டில் காளீஸ்வரி பானெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கவில்லை. நடுங்கவில்லை. வெயில் அதன்மேல் விழுந்து கோபுரங்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. தொண்ணூற்றைந்து. காற்று அவள் முந்தானையைப் பின்னால் கொண்டுபோய் நாகசுப்பிரமணியனின் முகத்தில் போர்த்தியது.

"மெதுவாப் போப்பா!" என்றார் அவர் முந்தானைக்குள்ளிருந்து.

ஒரு லாரியைத் தாண்டினார்கள். லாரிக்காரர் எட்டிப் பார்த்து ஹாரனை விடாமல் அடித்தார். இன்னொரு லாரி. காளீஸ்வரி சிரிக்க ஆரம்பித்தாள். பிரவின்குமாருக்குத் தொற்றியது. அருண்பாண்டியனுக்கும் வந்தது. நூறு. நாகசுப்பிரமணியன் முந்தானையை விலக்கி, இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினார்.

"ஏம்ப்பா, இவ்வளவுதான் போகுமா இது?"

பந்தல்குடியில் டீக்கடை முன்னால் நிறுத்தினார்கள். இறங்குவதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். இரண்டாவதாகத் தாண்டி வந்த லாரியும் வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து பானெட்டில் விரலை வைத்துத் தேய்த்தார்.

"நல்லாருக்கே. ஸ்டிக்கரா? எங்க ஒட்டுனீக?"

காளீஸ்வரி பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது.

"ஸ்டிக்கரா?" நாகசுப்பிரமணியன் டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தார். "ஏம்ப்பா, கண்ணு இருக்கா? குனிஞ்சு பாரு. இன்னும் குனி. ஊடை ஓடுறது தெரியுதா? கோபுரத்துக்குப் பக்கத்துல ஒத்தை நூல் தனியாப் போகுதே, தெரியுதா? நெசவுப்பா அது. எங்க தறி. பாளையம்பட்டி. பத்து வருசமா இந்தக் கரைய ஓட்டுறேன், ஒருத்தன் குனிஞ்சு பாத்ததில்லை."

நாலு பேரும் குனிந்தார்கள். டீக்கடைக்காரரும் வந்து குனிந்தார். நாகசுப்பிரமணியன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கினார். இடது மூலையில் படர்ந்த புகையைக் காட்டி ஒருவர் கேட்டபோது, "அது வேணும்னே விட்டது," என்றார்.

"எங்க லாரிக்கு முன்னால இப்படி ஒண்ணு செய்யணும்னா?" என்றார் டிரைவர்.

"செய்வா. இந்தா, இந்தப் பொண்ணுதான். எங்க தம்பி சம்சாரம். திங்கக்கிழமை வாங்க. காலையிலயே பட்டறையில இருப்பா."

காளீஸ்வரிக்கு டீ மூக்கில் ஏறியது.

சொன்னது என்னவென்று நாகசுப்பிரமணியனுக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. பிரவின்குமார் வானத்தைப் பார்த்தான். காளீஸ்வரி இருமிக்கொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அவர் அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

அருண்பாண்டியன் அதற்குள் பானெட்டைப் பத்துப் பதினைந்து போட்டோ எடுத்து எங்கெங்கோ அனுப்பியிருந்தான். திரும்பி வந்து பட்டறை முன்னால் நிறுத்தியதும் கேட்டான்.

"அண்ணாச்சி, அந்த டப்பா எங்க?"

"எந்த டப்பா?"

"கறுப்புப் பெயிண்ட். கையிலதான வெச்சிருந்தீக?"

"அதுவா? டீக்கடை பெஞ்சுக்கு அடியில வெச்சேன். மறந்துட்டேன்." புருவத்துப் பஞ்சை எடுத்து ஊதினார். "வேணும்னா போய் எடுத்துக்க."

அருண்பாண்டியன் போனைப் பார்த்தான், பானெட்டைப் பார்த்தான். "பசங்க கேட்டா என்ன அண்ணாச்சி சொல்ல?"

"ஸ்டிக்கர் இல்லைன்னு சொல்லு. அது போதும்."

ஆறு மணிக்கு வண்டி கோயம்புத்தூருக்குப் புறப்பட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அருண்பாண்டியன் ஒன்பது வண்டிகளில் ஆறாவதாக வந்தான். பானெட் கழலவில்லை. மத்தியானம் செய்தி அனுப்பினான். காளீஸ்வரி காலையில் அச்சைக் கழுவி, ஆப்பு இறங்கிக் கீறிய இடத்தைத் தேய்த்து, இரண்டு கை மெழுகு பூசினாள். முழங்கையில் அரித்தது, தேங்காயெண்ணெய் தடவினாள். தங்கச்செல்வி பானையைக் கேட்டு வாங்கிப் போனாள். பதினொரு மணிக்கு நாகசுப்பிரமணியன் மூன்று கரைத் துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் மேலத்தெருவில் பாண்டீஸ்வரி என்று ஒரு பெண் தறி ஓட்டுவாள் என்று கேள்விப்பட்டு, திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்கப் போனார். அவள் செவ்வாய்க்கிழமையிலிருந்து வருவதாகச் சொன்னாள்.